தொழிற்கூடத்துக்குச் செல்லும் செயல்திட்டம்: 11ஆம் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் இடையில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் 11ஆம் வகுப்பில் படிப்பவர்களில் பலருடைய வீட்டில் யாராவது ஒருவர் பனியன் கம்பெனியிலோ விசைத்தறிக் கூடத்திலோ கறிக்கோழிப் பண்ணையிலோ வேலை செய்கிறார். அந்தப் பிள்ளைகளும் படித்து முடித்தபின் பெரும்பாலும் இந்த வட்டாரத்தில்தான் வேலை தேடுவார்கள். ஆனால் 12ஆம் வகுப்பை முடித்து வெளியே வரும்போது, ஒரு தொழிற்கூடத்தில் என்ன சிக்கல் எழும், அதை எப்படி அளப்பது, அளந்ததை இன்னொருவருக்கு எப்படி எடுத்துச் சொல்வது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. செயல்திட்ட வழிக் கற்றல், அதாவது மாணவர் குழுக்கள் தொழிற்கூடத்தின் ஒரு சிக்கலை நேரில் அளந்து, அதற்கு ஒரு தீர்வைச் செய்து ஒப்படைப்பது, அந்த இடைவெளியை நிரப்பும் என்று நம்பித்தான் நான் இந்த வேலையில் இறங்கினேன்.

முதல் ஆண்டு தோல்வியில் முடிந்தது. 14,200 ரூபாய்க்கு மின்னணுக் கருவிகள் வாங்கினோம். ஒரு குழுகூட முடிக்கவில்லை. இரண்டாம் ஆண்டில் 24 மாணவர்கள் 6 குழுக்களாகப் பணியாற்றினார்கள், 4 குழுக்கள் முடித்தன, செலவு 9,330 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் பிள்ளைகளின் திறமை மாறவில்லை. அனுமதிக் கடிதங்களின் வரிசையும் தேதிகளும், சிக்கலைத் தேர்ந்தெடுத்த முறையும்தான் மாறின. இதைப் புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்களும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களும் என்னைப் போல ஓர் ஆண்டை இழக்காமல் இருக்கவே இதை எழுதுகிறேன்.

1. நாட்காட்டியை முதலில் எடுங்கள்

ஜூன் மாதம் பள்ளி திறந்து, 11ஆம் வகுப்புச் சேர்க்கை முடிந்து, பாடப்பிரிவு மாற்றிக் கேட்பவர்கள் எல்லோரும் ஓரிடத்தில் அமர ஜூலை முதல் வாரம் ஆகிவிடுகிறது. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வும் டிசம்பரில் அரையாண்டுத் தேர்வும் வருகின்றன. பொங்கலுக்குப் பிறகு செய்முறைத் தேர்வு, திருப்புதல் தேர்வு என்று பள்ளி முழுவதும் வேறொரு வேகத்துக்கு மாறிவிடும். அப்போது ஆய்வக அறையே உங்களுக்குக் கிடைக்காது. ஆகவே கைக்குக் கிடைப்பது ஜூலை நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை உள்ள காலம்தான். தேர்வு வாரங்களையும் விடுமுறைகளையும் கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய 14 வாரங்கள் தேறும்.

அந்த 14 வாரங்களை நாங்கள் பிரித்த முறை இது: ஜூலையில் சிக்கலைத் தேடுவது, ஆகஸ்டில் அனுமதிகள், ஆகஸ்ட் இறுதியிலிருந்து காலாண்டுத் தேர்வு வரை நேரில் சென்று அளப்பது, அக்டோபரில் செய்வது, நவம்பரில் சோதிப்பது, டிசம்பர் முதல் வாரத்தில் ஒப்படைப்பது. வாரத்துக்கு இரண்டு பாடவேளைகளும், மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை முற்பகல்களும் போதுமானவையாக இருந்தன.

நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு தடை தீபாவளி. தீபாவளிக்கு முந்தைய நான்கு வாரங்களில் திருப்பூர்ப் பக்கத்துக் கம்பெனிகள் எதுவும் உங்களோடு பேச நேரம் ஒதுக்காது. சரக்கு அனுப்பும் அவசரமும் போனஸ் கணக்கும் அவர்களுக்குத் தலைக்கு மேல் இருக்கும். தீபாவளி முடிந்த பிறகும் சொந்த ஊருக்குப் போன தொழிலாளர்கள் திரும்பி வந்து எல்லா மெசின்களும் ஓட ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். அந்த ஆண்டின் தீபாவளித் தேதியைப் பார்த்து, அதற்கு ஒரு மாதம் முன்பே நேரில் அளக்கும் வேலையை முடித்துவிடுங்கள்.

10ஆம் வகுப்பையும் 12ஆம் வகுப்பையும் இதில் சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பொதுத்தேர்வு நெருங்க நெருங்கப் பெற்றோர் பிள்ளையை விலக்கிக்கொள்வார்கள்; பாதியில் குழு உடைந்தால் மற்ற மூவரும் சோர்ந்துவிடுவார்கள்.

2. கருவியை வாங்குமுன் சிக்கலைக் கண்டுபிடியுங்கள்

முதல் ஆண்டில் நான் செய்த பெரிய பிழை இதுதான். பெட்டி பெட்டியாக உணரிகளை (சென்சார்களை) வாங்கி மேசையில் பரப்பி, "இவற்றை வைத்து என்ன செய்யலாம் என்று யோசியுங்கள்" என்றேன். எல்லாக் குழுக்களும் தானாக எரியும் விளக்கையும் தானாகத் திறக்கும் குப்பைத்தொட்டியையும் செய்யத் தொடங்கின. அவற்றை எதிர்பார்த்து யாரும் காத்திருக்கவில்லை. அதனால் பழுது வந்தபோது சரிசெய்ய வேண்டும் என்ற கட்டாயமும் யாருக்கும் இல்லை.

இரண்டாம் ஆண்டில் ஜூலை இரண்டாம் வாரத்தில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினேன். வீட்டில் வேலைக்குப் போகும் ஒருவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு, அவர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வர வேண்டும். உங்கள் வேலையில் தினமும் நேரம் வீணாவது எங்கே? எதைக் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக முடிவு செய்கிறீர்கள்? எது தவறினால் முதலாளிக்கு நட்டம்? 40 தாள்கள் திரும்பி வந்தன. அவற்றில் இருந்தவை எந்தப் பாடநூலிலும் இல்லாதவை. பண்ணையில் குஞ்சு இறக்கிய முதல் வாரத்தில் இரவு சூடு குறைந்தது தெரியாமல் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்வது, களத்தில் காயும் கொப்பரை திடீர் மழையில் நனைவது, செக்கிங் மேசையில் ஒதுக்கிய பீஸ்கள் எந்தக் காரணத்தால் ஒதுக்கப்பட்டன என்ற கணக்கு மாலைக்குள் மறந்துபோவது என்று அந்தப் பட்டியல் நீண்டது.

வந்தவற்றை மூன்று சல்லடைகளில் சலித்தோம். பள்ளியிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் நேரில் போய்ப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஓர் எண்ணாக அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். விடை கிடைத்தால் அதைப் பயன்படுத்தப்போகும் மனிதர் ஒருவர் பெயரோடும் முகத்தோடும் இருக்க வேண்டும். மூன்றாவது சல்லடையில் தேறாத எதையும் எடுக்காதீர்கள், மாணவர்கள் எவ்வளவு ஆசைப்பட்டாலும் சரி.

இங்கே ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் குழுக்களில் மிக நன்றாக முடித்த குழு ஓர் உணரியைக்கூடத் தொடவில்லை. ஒரு மாணவியின் தாயார் ஜாப் ஒர்க் (பிற கம்பெனிகளின் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) எடுத்துச் செய்யும் ஒரு சிறிய யூனிட்டில் செக்கிங் செய்கிறார். தைத்து வந்த பனியனை வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக்கோடு, தையல் விட்டது, அளவு மாறியது என்று பார்த்து, ஆல்டருக்கு, அதாவது திருத்தித் தைக்கப் போக வேண்டியதையும் டேமேஜையும் தனித்தனியாகப் போடுவது அவர் வேலை. அந்தக் குழு 5 கட்டங்கள் கொண்ட ஒரு தாளை வடிவமைத்தது. ஒரு பீஸை ஒதுக்கும்போதே காரணத்தின் கட்டத்தில் ஒரு கோடு போட்டால் போதும். 12 வேலைநாட்களின் தாள்களைப் பள்ளிக்குக் கொண்டுவந்து, லிப்ரே ஆபிஸ் கால்க்கில் ஏற்றி, காரணங்களை அதிகத்திலிருந்து குறைவாக வரிசைப்படுத்தி, கூட்டுச் சதவீதக் கோட்டையும் வரைந்தார்கள். எண்ணெய்க் கறை முதலிடத்தில் இருந்தது. அதிலும் பெரும்பகுதி காலை முதல் ஒரு மணி நேரத்துக்குள் தைத்த பீஸ்களில் இருந்தது. முந்தைய நாள் மாலை எண்ணெய் விட்ட பிறகு துடைக்காமல் விட்ட ஓவர்லாக் மெசின்களிலிருந்து அந்தக் கறை வருகிறது என்பதை யூனிட்டின் சூப்பர்வைசர் அந்த வரைபடத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டார். காலையில் கழிவுத் துணியில் 10 தையல் ஓட்டிவிட்டு வேலையைத் தொடங்கும் வழக்கம் அங்கே அன்றிலிருந்து வந்தது. இதற்கான செலவு 60 ரூபாய் நகல் எடுக்கும் கூலி மட்டுமே.

தொழில்நுட்பம் என்றாலே மின்சுற்று என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஒரு விரிதாளில் தரவைச் சரியாக ஏற்றி, அதிலிருந்து ஒரு முடிவைப் பெறத் தெரிந்த பிள்ளைக்கு இந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனி அலுவலகத்திலும் இடம் உண்டு.

3. தொழிற்கூடத்தின் வாசலைத் திறக்கும் கடிதம்

முதல் ஆண்டில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் வாசலில் 9 மாணவர்களோடு 40 நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினேன். தொலைபேசியில் வரச் சொன்னவர் அன்று விடுப்பில் இருந்தார். என் கையில் எழுத்தில் எதுவும் இல்லை. அங்கிருந்த மேலாளர் கோபப்படவில்லை, ஆனால் அவர் கேட்டது எனக்குப் பாடமாக அமைந்தது: "ஏனுங்க சார், இன்னிக்குப் பையர் ஆடிட் வந்தா, இந்தப் பசங்க உள்ள என்ன பண்றாங்கன்னு நான் என்னங்க சொல்றது?"

அவருடைய அச்சம் நியாயமானது. குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல் வந்து, 2016இல் திருத்தப்பட்டது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பின் உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, 14 வயது நிறையாதவரை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்றும், 14 முதல் 18 வயதுக்குட்பட்டவரை அபாயகரமான தொழில்களில் அமர்த்தக் கூடாது என்றும் அது சொல்கிறது. நம் 11ஆம் வகுப்பு மாணவர்கள் எல்லோரும் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள். வெளிநாட்டு வாங்குநர்கள் அனுப்பும் தணிக்கையாளர்கள் தளத்தில் ஒரு சிறுவரைப் பார்த்தால், அவர் யார் என்பதற்கு எழுத்துச் சான்று கேட்பார்கள். அந்தச் சான்று உங்கள் கடிதமாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே பள்ளியின் முகப்புத்தாளில், தலைமையாசிரியர் கையொப்பத்தோடும் முத்திரையோடும், கடித எண்ணோடும் கடிதம் தயாரியுங்கள். வரும் நாட்கள், நேரம், மாணவர் எண்ணிக்கை, உடன் வரும் ஆசிரியர்களின் பெயர்கள் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். அதன்பின் இந்தப் பத்தியை அப்படியே சேர்த்துக்கொள்ளலாம்: "மாணவர்கள் கற்றலின் பொருட்டுப் பார்வையிடுவதும் குறிப்பெடுப்பதும் மட்டுமே செய்வார்கள். எந்த இயந்திரத்தையும் இயக்க மாட்டார்கள். எந்த உற்பத்தி வேலையிலும் ஈடுபட மாட்டார்கள். ஊதியமோ ஊக்கத்தொகையோ பெற மாட்டார்கள். நிறுவனத்தின் அனுமதியின்றி ஒளிப்படம் எடுக்கப்பட மாட்டாது. முழு நேரமும் ஆசிரியர் உடனிருப்பார்." இரண்டு படிகள் எடுத்து, ஒன்றில் நிறுவனத்தின் ஒப்புதல் கையொப்பத்தையும் முத்திரையையும் வாங்கிப் பள்ளிக் கோப்பில் வையுங்கள்.

சிறிய யூனிட்டுகளை முதலில் அணுகுங்கள். 15 மெசின் ஓடும் ஒரு ஜாப் ஒர்க் கூடத்தில் உரிமையாளரே நேரில் நின்று பேசுவார், அன்றே முடிவும் சொல்வார். பெரிய நிறுவனங்களில் மனிதவளப் பிரிவு, தொழிற்சாலை மேலாளர், நிர்வாகம் என்று கடிதம் சுற்றி வர எங்களுக்கு 5 வாரங்கள் ஆயின. சாயப்பட்டறை, வார்ப்படத் தொழிற்கூடம், கொதிகலன் உள்ள இடங்கள் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அவை 16 வயதுப் பிள்ளைகள் நிற்க வேண்டிய இடங்கள் அல்ல.

கோழிப்பண்ணைக்குப் போவதாக இருந்தால் தனி ஒழுங்கு உண்டு. நோய் பரவும் என்பதால் பண்ணைக்குள் வெளியாட்களை விட மாட்டார்கள். கிருமிநாசினித் தொட்டியில் கால் நனைத்துத்தான் உள்ளே போக வேண்டும். வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கும் மாணவர்கள் போகவே கூடாது. இதை நாங்கள் அறியாமல் போய், பண்ணைக்காரர் கேட்டபோது நால்வரில் மூவர் கையைத் தூக்கினார்கள். அந்தக் குழுவை அங்கேயே மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று.

4. துறை அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும்

மாணவர்களைப் பள்ளி நேரத்தில் வெளியே அழைத்துச் செல்ல, தலைமையாசிரியர் வழியாக முதன்மைக் கல்வி அலுவலரின் முன் அனுமதியைப் பெற்றோம். விண்ணப்பத்தோடு மாணவர் பட்டியல், ஒவ்வொருவரின் கல்வி மேலாண்மைத் தகவல் எண், நிறுவனத்தின் ஒப்புதல் கடித நகல், பயண முறை, உடன் செல்லும் ஆசிரியர் விவரம் ஆகியவற்றை இணைத்தோம். கையில் உத்தரவு வர 16 நாட்கள் ஆயின. மாணவிகள் இருக்கும் எந்தக் குழுவோடும் ஆசிரியை ஒருவர் கட்டாயம் செல்ல வேண்டும். பெயரை விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டால் திருப்பி அனுப்பப்படாது.

பெற்றோர் ஒப்புதல் படிவத்தை ஒரே பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் தயாரியுங்கள். எங்கே, எந்த நாட்களில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, யாரோடு, எப்படிப் போய் வருவார்கள் என்பதோடு, பிள்ளைக்கு ஒவ்வாமையோ மூச்சிரைப்போ உண்டா என்ற கேள்வியும் அதில் இருக்க வேண்டும். பஞ்சு பறக்கும் இடத்துக்குப் போகும்போது இந்தக் கேள்விதான் எங்களுக்குப் பயன்பட்டது. ஒளிப்படம் எடுக்கவும் பகிரவும் தனி ஒப்புதல் வரி ஒன்றைச் சேருங்கள். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. மாணவரின் பெயரும் எண்ணும் கொடுத்துத் திறக்க வேண்டிய இணையக் கணக்குகளுக்கும் இது பொருந்தும்.

படிவத்தைப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பினால் கையெழுத்து வந்துவிடும், புரிதல் வராது. ஒரு தாயார் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டு, மறுநாள் பள்ளிக்கே வந்து, "நான் படிக்காம கம்பெனிக்குப் போனேன், எம்புள்ளையும் கம்பெனிக்கே போகோணுமாங்க?" என்று கேட்டார். அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினேன். மகள் அங்கே வேலைக்குப் போகவில்லை, அங்கே நடக்கும் வேலையை அளக்கப் போகிறாள் என்பதை, அவர் மகள் தயாரித்த தாளைக் காட்டித்தான் புரிய வைக்க முடிந்தது. அதன்பிறகு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்றே எல்லாப் பெற்றோரையும் வரவழைத்துப் பேசுவதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

5. செலவும் ரசீதும்

எங்கள் 9,330 ரூபாய் இப்படிப் போனது. நான்கு குழுக்களுக்கான மின்னணுப் பொருள்கள் 4,900. பேருந்துக் கட்டணம் 1,150. பேருந்து போகாத இடங்களுக்கு ஆட்டோ 1,600. குறிப்பேடுகளும் நகல்களும் 780. ஒப்படைப்பு நாளுக்கு 900. பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு முன்னாள் மாணவர்களிடம் பெற்ற தொகை இது. தீர்மானம் நிறைவேறிய பிறகுதான் பணத்தைத் தொட வேண்டும். உங்கள் சட்டைப் பையிலிருந்து முதலில் செலவழித்துவிட்டுப் பிறகு கேட்பது பெரும் சங்கடத்தில் முடியும்.

விலைகள் நாங்கள் வாங்கிய நாளில், எங்கள் ரசீதுகளின்படி: ஆர்டுயினோ ஊனோவின் (நிரல் ஏற்றி உணரிகளை இயக்கும் சிறு மின்சுற்றுப் பலகை) நகல் பலகை 450 ரூபாய், வைஃபை வசதியுள்ள அதே வகையான இ.எஸ்.பி.32 பலகை 420, டி.எச்.டி.11 வெப்ப உணரி 90, டி.எச்.டி.22 உணரி 250, மழைத்துளி உணரி 60, பற்றவைக்காமல் கம்பிகளைச் செருகி இணைக்கும் பிரெட்போர்டு 70, இணைப்புக் கம்பிகள் ஒரு கட்டு 60, ஒலி எழுப்பும் பஸ்ஸர் 15. கோவையில் கடைக்கு நேரில் போய் வாங்குவது நல்லது. இணையத்தில் 20 ரூபாய் குறையலாம், ஆனால் பழுதான பலகையை மாற்ற இரண்டு வாரம் போகும். உங்களிடம் இருப்பதே 14 வாரம்தான்.

வாங்கும்போதும் இணைக்கும்போதும் நாங்கள் விழுந்த குழிகளைச் சொல்லிவிடுகிறேன்.

நகல் ஊனோ பலகைகள் பலவற்றில் சி.எச்.340 என்ற சில்லு இருக்கும். அதற்கான இயக்கி மென்பொருளை நிறுவாவிட்டால் கணினி பலகையைக் கண்டுகொள்ளாது. முதல் ஆண்டில் 6 பலகைகள் பழுது என்று நான் திருப்பி அனுப்பத் துணிந்தது இதை அறியாததால்தான். பலகை தெரியாமல் போவதற்கு இன்னொரு காரணம் கேபிள்; கைபேசிக்குச் சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளில் தரவு போகாது.

இ.எஸ்.பி.32 பலகையின் முனைகள் 3.3 வோல்ட்டில் வேலை செய்பவை. 5 வோல்ட் சமிக்ஞை தரும் உணரியை நேரடியாக இணைத்தால் பலகை கெட்டுவிடக்கூடும். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

டி.எச்.டி.11 உணரியின் அளவீடு 2 டிகிரி வரை முன்பின்னாக இருக்கும். குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் 32 முதல் 35 டிகிரி வரை சூடு வைத்து, வாரத்துக்கு ஏறக்குறைய 3 டிகிரி குறைத்துக்கொண்டே வருவார்கள். அங்கே 2 டிகிரிப் பிழை என்பது அரை வாரத்துக்கு மேலான பிழை. பண்ணைக் குழுவுக்கு டி.எச்.டி.22 வாங்கி, அதையும் பண்ணையில் தொங்கும் வெப்பமானியோடு மூன்று நாள் ஒப்பிட்ட பிறகே நம்பினோம்.

இரண்டு முட்கள் போல இருக்கும் மலிவான மண் ஈர உணரியை வாங்காதீர்கள். ஈர மண்ணில் மின்சாரம் பாய்ந்து சில வாரங்களில் அரித்துவிடும். மின்தேக்கி வகை உணரி சற்றே விலை கூடுதல், ஆனால் நிலைக்கும்.

230 வோல்ட் மின்சாரம் எந்த நிலையிலும் மாணவர் கைக்குப் போகக் கூடாது. மோட்டாரையோ விளக்கையோ ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக இயக்கும் திட்டங்களை நாங்கள் ஏற்கவே இல்லை; எச்சரிக்கை ஒலி எழுப்புவதோடு நிறுத்திக்கொண்டோம். 5 வோல்ட் அடாப்டர் போதும்.

6. கணினி ஆய்வகத்தைத் தயார் செய்தல்

உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளில் புதிய மென்பொருளை நிறுவ நிர்வாகக் கடவுச்சொல் வேண்டும். அது பெரும்பாலும் ஆசிரியரிடம் இருப்பதில்லை. ஜூலையிலேயே எழுத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு பழைய மடிக்கணினி போதும். மின்னணுக் கருவி செய்த எங்கள் நான்கு குழுக்களும் ஒரே மடிக்கணினியில் முறை வைத்துத்தான் நிரல் ஏற்றின. இணைய வசதி இருந்தால் டிங்கர்கேட் தளத்தில் மின்சுற்றைத் திரையிலேயே இணைத்து ஓட்டிப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. உண்மைப் பலகையைத் தொடுமுன் அங்கே ஒருமுறை செய்து பார்த்த குழுக்கள் எங்களிடம் ஒரு பலகையைக்கூடக் கெடுக்கவில்லை.

7. குழுவும் குறிப்பேடும்

நால்வர் கொண்ட குழு போதும். அளப்பவர், எழுதுபவர், செய்பவர், பேசுபவர் என்று நான்கு பொறுப்புகளைப் பிரித்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் நன்றாகப் பேசும் பிள்ளை கடைசிவரை பேசிக்கொண்டே இருப்பார், கூச்சப்படும் பிள்ளை கடைசிவரை எழுதிக்கொண்டே இருப்பார். மாலையில் விசைத்தறிக்கோ கடைக்கோ வேலைக்குப் போகும் மாணவர்கள் யார் என்பதைத் தொடக்கத்திலேயே தனியாக விசாரியுங்கள். முதல் ஆண்டில் மூன்று பேர் நின்றுபோனதற்கு அதுதான் காரணம். பள்ளி நேரத்துக்குள் வேலையை முடித்திருந்தால் அவர்கள் தொடர்ந்திருப்பார்கள்.

பள்ளிக்குள் மாணவர்களுக்குக் கைபேசி இல்லை என்பதால் எல்லாமே குறிப்பேட்டில்தான். தேதி, அன்று அளந்தது, எதிர்பார்த்தது, நடந்தது, அடுத்துச் செய்வது என்று ஐந்து வரிகள் ஒவ்வொரு நாளும் இருக்க வேண்டும். தவறியதை அடிக்காமல் அப்படியே விடச் சொல்லுங்கள்.

கொப்பரைக் களத்துக் குழுவின் குறிப்பேட்டைச் சற்று விரித்துக் காட்டுகிறேன். உடைத்த தேங்காய்ப் பருப்பில் பாதிக்கு மேல் நீர் இருக்கும். அதை எண்ணெய் ஆட்டும் பதத்துக்கு, ஏறக்குறைய 6 சதவீத ஈரத்துக்குக் காய வைக்க வேண்டும். இடையில் நனைந்தால் பூஞ்சை பிடித்து விலை போய்விடும். இரவில் மழை வந்தால் தார்ப்பாய் போட ஆளை எழுப்ப ஓர் ஒலிப்பான் வேண்டும் என்பது களத்துக்காரரின் தேவை. மழைத்துளி உணரியும் பஸ்ஸரும் கொண்ட கருவி அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தயாராகி, களத்தின் ஓரத்தில் பொருத்தப்பட்டது. நவம்பரில் வானம் தெளிந்திருந்த விடியற்காலைகளில், நான்கரை மணிக்கு அது அலறத் தொடங்கியது. மூன்று நாள் எழுந்து ஓடிய களத்துக்காரர் நான்காம் நாள் கம்பியைப் பிடுங்கிவிட்டார். குழு அங்கே போய் விடியும்வரை நிற்க முடியாது என்பதால், அவரையே இரண்டு நாள் காலையில் உணரியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். தொட்ட விரல் நனைந்திருந்தது. "மழையில்ல கண்ணு, பனி" என்றார். அதன்பின் உணரியைச் சாய்வாக வைத்து, அளவு ஒரு வரம்பைத் தாண்டி 30 நொடி நீடித்தால் மட்டுமே ஒலிக்குமாறு நிரலை மாற்றினார்கள். வரம்பை எங்கே வைப்பது என்பதற்காக, தண்ணீரைத் தெளிப்பானில் ஒருமுறை, குவளையில் ஒருமுறை என்று ஊற்றி 22 அளவீடுகள் எடுத்திருக்கிறார்கள். அந்த இரண்டு பக்கங்களுக்காகவே நான் இந்த வேலையைத் தொடர்ந்து செய்வேன்.

8. ஒப்படைப்பும் சான்றிதழும்

பள்ளி மேடையில் கண்காட்சி வைப்பது எளிது. ஆனால் தொழிற்கூடத்திலேயே, பயன்படுத்தப்போகும் மனிதர் முன்னால் ஒப்படையுங்கள். 10 நிமிடம் பேச்சு, 10 நிமிடம் அவர்களுடைய கேள்விகள். கருவி நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கக் குறிப்பைத் தமிழில் எழுதி, அங்கே சுவரில் ஒட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.

நிறுவனத்திடம் வாங்கும் கடிதத்தில் கவனமாக இருங்கள். அன்பின் மிகுதியால் சிலர் "அனுபவச் சான்றிதழ்" என்று தலைப்பிட்டு, "எங்கள் நிறுவனத்தில் 3 மாதம் பணியாற்றினார்" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். 18 வயது நிறையாதவரை வேலைக்கு வைத்ததாக அவர்களே எழுதிக் கொடுப்பது போலாகும். மாணவருக்கும் அது பின்னால் தொல்லை தரும். "செயல்திட்டப் பாராட்டுக் கடிதம்" என்று தலைப்பிட்டு, எந்தச் சிக்கலை எடுத்தார்கள், என்ன செய்து கொடுத்தார்கள், அது இப்போது பயன்பாட்டில் உள்ளதா என்ற மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். மாதிரியை நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோவது நல்லது.

9. அடுத்த படிக்கு எடுத்துச் செல்லுதல்

ஒவ்வொரு மாணவரும் இரண்டு பக்கத் தொகுப்பு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். முதல் பக்கத்தில் சிக்கலும் அளவீடும் முடிவும்; இரண்டாம் பக்கத்தில் தான் மட்டும் செய்த பங்கு. நேர்முகத் தேர்வில் "நாங்கள் செய்தோம்" என்று சொல்லும் மாணவரிடம் "நீ என்ன செய்தாய்" என்றுதான் கேட்பார்கள்.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் மானக் திட்டத்துக்கு ஒரு பள்ளி 5 கருத்துகள் வரை அனுப்பலாம்; தேர்வானால் 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும். எந்தெந்த வகுப்புகளுக்குத் தகுதி என்பதை அந்த ஆண்டின் அறிவிப்பில் பாருங்கள். ஆதாரில் ஒரு முன்னெழுத்தும் வங்கிக் கணக்கில் வேறொரு முன்னெழுத்தும் இருந்தால் பணம் நின்றுவிடும் என்பதால், ஜூலையிலேயே இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்திவிடுங்கள். எங்களுக்கு ஒரு திருத்தத்துக்கு 5 வாரங்கள் ஆயின. நான் முதல்வன் திட்டத்தின் வழிகாட்டி வகுப்புகளில் மாணவர் எந்தத் துறையைக் கேட்டாலும், இந்தத் தொகுப்பை உடன் வைத்துப் பேசச் சொல்லுங்கள். 12ஆம் வகுப்பில் உரிய அறிவியல் அல்லது தொழிற்கல்விப் பாடங்களைப் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. 1961ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டத்தின்கீழ் 14 வயது முதல் பழகுநராகச் சேரலாம், அபாயகரமான தொழில்களுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பள்ளிக்குப் பின் உடனே சம்பாதிக்க வேண்டிய நிலையில் இருக்கும் பிள்ளைக்கு, வெறும் கூலி வேலையைவிட இது நல்ல வழி.

10. குறிப்பேடுகளைப் பள்ளியில் வையுங்கள்

டிசம்பரில் எல்லாக் குறிப்பேடுகளையும் நகல் எடுத்து ஆய்வக அலமாரியில் வைத்துவிட்டு, மூலத்தை மாணவரிடம் கொடுத்துவிடுங்கள். முடிக்காத இரண்டு குழுக்களின் குறிப்பேடுகளும் அதில் இருக்க வேண்டும். ஜூலையில் புதிய 11ஆம் வகுப்பு வந்ததும் முதல் சனிக்கிழமை அவற்றைப் படிக்கக் கொடுங்கள். கொப்பரைக் குழுவின் குறிப்பேட்டில் 23ஆம் பக்கத்தில் "பனி" என்று சிவப்பு மையில் கட்டம் போட்டு எழுதியிருக்கிறது. இந்த ஆண்டுக் குழு அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்கியிருக்கிறது. பனியையும் மழையையும் பிரித்தறிய, உணரியோடு ஓர் ஈரப்பத மானியையும் சேர்த்துப் பார்க்கலாமா என்று களத்துக்காரரிடம் கேட்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.